பிளான் மட்டும் அனுப்புங்க அக்கா

நான் போட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி நேற்று நான் போட்ட இரண்டு வரியைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் ஆளாளுக்கு "விடுங்க, பெரிசு பண்ணாதீங்க" என்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று பாதிப் பேருக்குப் புரிந்தும் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. அதற்காக விட்டுவிடவும் போவதில்லை.

பயணத் திட்டம் போடுவது என் வேலை. பொழுதுபோகாமல் செய்கிற உதவி இல்லை, வேலை.

எட்டுப் பேருக்கு எட்டு நாள் திட்டம். மூன்று வாரத்தில் ஏழு தடவை மாற்றி எழுதினேன். பாட்டிக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார் என்றார்கள். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் போன் போட்டுக் கேட்டேன். ஏனென்றால் இணையத்தில் 'லிஃப்ட் உண்டு' என்று போட்டிருப்பார்கள், அந்த லிஃப்டுக்குப் போக ஆறு படி ஏற வேண்டும் என்பதை எவனும் எழுத மாட்டான். எல்லாம் முடிந்ததும் "யோசிச்சு சொல்றோம் அக்கா" என்றார்கள். அப்புறம் ஆளையே காணோம்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு மெசேஜ். "அக்கா, இங்க பூட்டியிருக்கு, இப்ப எங்க போறது?" கூடவே ஒரு படம். என்னுடைய அதே பிடிஎஃப். எங்கள் லோகோவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், அதுவும் கொஞ்சம் கோணலாக.

டிக்கெட் ஒரு நாள் தள்ளிக் கிடைத்ததாம், அதனால் மொத்தத் திட்டத்தையும் ஒரு நாள் தள்ளிவிட்டார்களாம். பாரிஸில் லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை திறக்காது, ஓர்சே மியூசியம் திங்கட்கிழமை திறக்காது. ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். எந்த நாளில் எது என்று அடுக்குவதுதானே நான் செய்த வேலை?

"எல்லாம்தான் கூகுள்ல இருக்கே" என்பவர்களுக்கு: சரி, அப்போது கூகுளிடமே கேட்டிருக்கலாம்.

"வெப்சைட்டை விட நீங்க விலை கூட." இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பல தளங்களில் எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் விலையில் ஐந்தில் ஒன்று, சில சமயம் கால்வாசி வரை கமிஷனாகக் கொடுக்கிறோம். அங்கே பதிந்தாலும் வருவது அதே வண்டி, ஓட்டுவது என் வீட்டுக்காரர். சீசன் முடிந்தால் வண்டி நின்றுவிடும், இன்சூரன்ஸ் தவணை நிற்காது.

"பெரிய கம்பெனின்னா ஒரு பாதுகாப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரிட்டனின் பெரிய டூர் கம்பெனியான தாமஸ் குக்கின் தொடக்கம் 1841. 2019 செப்டம்பர் 23 அன்று அது இழுத்து மூடப்பட்டபோது சுமார் ஆறு லட்சம் பேர் பயணத்தின் நடுவில் இருந்தார்கள். சின்னக் கம்பெனிகள் எல்லாம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2020-இல் உலகம் முழுக்கப் பன்னாட்டுப் பயணிகள் வரத்து ஏறத்தாழ முக்கால்வாசி விழுந்தபோது, எங்களிடம் முன்பணம் கட்டிய அத்தனை பேருக்கும் இரண்டாவது வண்டியை விற்றுத்தான் திருப்பிக் கொடுத்தோம். ஹோட்டல்காரர்களிடமிருந்து எங்களுக்கு வர வேண்டியதில் பாதி இன்னும் வரவில்லை. அதைப் பற்றி நான் பதிவு போட்டேனா?

"முன்பணம் வாங்காம ஏன் வேலை செஞ்சீங்க?" இது நியாயமான கேள்வி. வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார். நம்ம ஆட்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கூச்சப்பட்டேன் என்பதற்காக என் லோகோவை வெட்டலாமா?

இதற்கு மேல், "உங்களுக்கென்ன, தினமும் டூர்தான்" என்று ஒரு கமெண்ட். பதினோரு வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பயணம் போனதில்லை. என் மகள் இந்த நாட்டில் பார்த்த இடமெல்லாம், கடைசி நேரத்தில் யாராவது வராமல் போய்ப் பின் சீட் காலியான அன்று பார்த்ததுதான். மாமனார் தவறியபோது வீட்டுக்காரர் பன்னிரண்டு பேரோடு மலைப்பாதையில் இருந்தார். வண்டியை நிறுத்திய இடத்தில்தான் செய்தியைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. தலை எண்ணி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, மீதி மூன்று இடத்தையும் காட்டி, ஹோட்டலில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஒருவர் நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார். ஒன்று ஏன் குறைந்தது என்றால், 'டிரைவர் அதிகம் பேசவில்லை.'

சரி, இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. லோகோவில் ஆரம்பித்தேன்.

நேற்று என்ன பதில் அனுப்பினாய் என்று கேட்டவர்களுக்கு: அனுப்பினேன். பக்கத்தில் எது திறந்திருக்கும், எத்தனை மணி வரை, முன் வாசலில் படி இருக்கிறது, பாட்டியை இடது பக்க வாசல் வழியாகக் கூட்டிப் போங்கள், அங்கே சரிவுப் பாதை உண்டு என்று எல்லாம் எழுதினேன்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.