காசு கொடுக்கத் தயார், கடையைத் திறந்து வையுங்கள்

புத்தகக் கண்காட்சி முடிந்ததும் வருடா வருடம் ஒரு பேச்சு கிளம்பும். வெளிநாட்டில் இருக்கிற தமிழர்கள் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள், புத்தகம் என்றால் மட்டும் “பிடிஎஃப் இருக்கா?” என்று கேட்கிறார்கள் என்று. எழுத்தாளர்கள் கோபமாக எழுதுகிறார்கள், பதிப்பாளர்கள் வருத்தமாக எழுதுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. திருட்டுப் பிடிஎஃப்பைச் சுற்றுக்கு விடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்க நினைக்கிற ஆளுக்கு என்ன வழி வைத்திருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகவே போகும்.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. வேலை பிரான்சில், துலூஸில். பாரிஸில் இருப்பவர்களுக்காவது லா சப்பல் பக்கம் தமிழ்க் கடைகள் உண்டு. நான் இருக்கும் ஊரில் முருங்கைக்காய் கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், தமிழ்ப் புத்தகம் கிடைக்காது. ஊருக்கு வரும்போது வாங்கிக்கொண்டு போகலாம்தான். விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. அம்மா கட்டிக் கொடுக்கும் குழம்புத்தூள், வெங்காய வடகம், பிள்ளைகளுக்கு எடுத்த துணி எல்லாம் போக மிஞ்சுகிற இடத்தில்தான் புத்தகம். தடியான நாவலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியிலேயே வைத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அஞ்சலில் வரவழைத்தால் பல நேரம் அனுப்பும் செலவு புத்தகத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது. அதுவும் நிச்சயம் இல்லை. 2025 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கச் சுங்க விதி மாறியபோது, இந்தியாவிலிருந்து அந்த நாட்டுக்குப் போகும் அஞ்சலே சில வாரங்கள் நின்று போனது.

அதனால் மின்னூல்தான் எங்களுக்கு வழி. ஆசைக்காகவோ பந்தாவுக்காகவோ அல்ல, வேறு வழியில்லாததால்.

காகித வாசனைக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் மின்னூல் படிப்பதற்கென்றே இருக்கும் இ-ரீடர் கருவியைப் போனோடு சேர்த்துத் திட்டாதீர்கள். அதன் திரையில் நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கின்றன. பக்கம் புரட்டும்போது மட்டும் மின்சாரம் அவற்றை இடம் மாற்றுகிறது. எழுத்து வந்து நின்ற பிறகு மின்சாரமே வேண்டாம். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது, வெயிலில் கண் கூசாமல் படிக்க முடிகிறது. காலையில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து போனில் படித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த பிறகு அச்சுப் புத்தகம் படிப்பதை ஏறக்குறைய விட்டிருந்தார். இந்த விடுமுறையில் என் ரீடரை அவர் கையில் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மதியம் முழுக்கக் கீழே வைக்கவில்லை. சாயங்காலம் வந்து கேட்டார்: “எழுத்து நல்லாத் தெரியுதும்மா. ஆனா வரி ஏன் பல்லு விழுந்த மாதிரி இருக்கு?” பார்த்தேன். எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடித்தது. நம் சொற்கள் நீளம். சொல்லை நடுவில் மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. இரண்டு ஓரமும் சமமாக இருக்க வேண்டும் என்று இடையில் இடைவெளியைப் போட்டு நிரப்பியிருந்தது. வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. புத்தகத்தைத் தயாரித்தவர் ஒரு ரீடரில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் இது அவர் கண்ணிலேயே பட்டிருக்கும். தமிழ் மின்னூல் செய்கிற பலர் அதை மின்னூலாகப் படித்தே பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நிறையப் பேர் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பையே மின்னூல் என்று நினைக்கிறார்கள். அது பக்கத்தின் புகைப்படம், அவ்வளவுதான். ஆறு அங்குலத் திரையில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும், நகர்த்தும் போதெல்லாம் திரை ஒரு முறை கறுத்து வெளுக்கும். எழுத்து எழுத்தாக இருக்கும் ஈபப் போன்ற கோப்புதான் உண்மையான மின்னூல். அதில்தான் அம்மாவுக்கு வேண்டிய அளவு அம்மாவுக்கு, எனக்கு வேண்டிய அளவு எனக்கு.

சரி, அப்படி ஏன் எல்லாப் புத்தகமும் வருவதில்லை? ஊரில் சின்ன அளவில் பதிப்பகம் நடத்தும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். “நீ சுலபமாச் சொல்லிடுறம்மா. என்னோட பழைய ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர்ல கிடக்கு. யூனிகோடுக்கு மாத்துனா பக்கத்துக்குப் பத்துப் பிழை. யாரு உக்காந்து திருத்துறது?” என்றார். அவர் சொன்னது உண்மை. பேஜ்மேக்கர் என்பது அந்தக் காலத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைத்த மென்பொருள். யூனிகோடு என்பது இன்றைய கருவிகள் எல்லாம் புரிந்துகொள்ளும் எழுத்துக் குறியீட்டு முறை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு இயந்திரத்தைப் போலக் கொம்பை முதலில் போட்டுவிட்டு எழுத்தைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு அதன் பிறகுதான் சேமிக்கப்படும். மாற்றித் தரும் மென்பொருள் ஓர் இடத்தில் தடுமாறினாலும் கொம்பு பக்கத்து எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறும். பிழையை ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும், ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். விற்பனை எவ்வளவு வரும் என்று தெரியாமல் அந்தக் காசைப் போட அவர் தயங்குகிறார். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது அடுத்த கட்டத்தை. அவ்வளவு பாடுபட்டு மின்னூல் ஆக்கிய பிறகும் அதை ஒரே ஒரு கடையில் பூட்டி வைக்கிறோமே, அதை.

2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் கடையும் ரீடருமான கிண்டிலில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகள் வந்தன. அது பெரிய காரியம், அதில் சந்தேகமே இல்லை. அந்த வாசல் திறந்த பிறகுதான் நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் கடல் தாண்டின. ஆனால் அங்கே சொந்தமாகப் பதிப்பிக்கிறவருக்கு இந்திய விற்பனையில் 70 சதவீதம் வேண்டும் என்றால் ‘செலக்ட்’ என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, சொந்த இணையதளத்தில்கூட. 90 நாள் ஒப்பந்தம். விட்டுவிட்டால் தானாகவே நீட்டித்துக்கொண்டு போகும். சேராவிட்டால் கிடைப்பது 35 சதவீதம். சின்னப் பதிப்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதன் விளைவு எங்கள் தலையில் விடிகிறது. பிரான்சில் பலர் கையில் இருப்பது ஃப்னாக் கடையில் விற்கும் கோபோ ரீடர். அதை வைத்திருப்பவர் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை அதில் வாங்கவே முடியாது.

அப்புறம் நாட்டு எல்லை. நான் கணக்கு வைத்திருந்த மின்னூல் கடை ஒன்றில், வேலை மாறி இங்கே வந்ததும் முகவரியையும் வங்கி அட்டையையும் பிரான்சுக்கு மாற்றினேன். ஏற்கெனவே வாங்கியவை இருந்தன. ஆனால் முதல் பாகம் படித்து முடித்த நாவலின் இரண்டாம் பாகத்தை வாங்கப் போனால் “உங்கள் பகுதியில் விற்பனைக்கு இல்லை” என்று வந்தது. தமிழ் நாவல், தமிழ் வாசகி, கையில் காசு, ஆனால் விற்க மாட்டார்கள். வாடிக்கையாளர் சேவையில் மறுபடி மறுபடி முகவரியைச் சரிபார்க்கச் சொன்னார்கள், வேறு பதில் இல்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பல கடைகளில் புத்தகத்தை ஏற்றும்போது எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்று கேட்பார்கள். உலகம் முழுவதும் என்று தேர்வு செய்யாமல் இந்தியாவை மட்டும் குறித்தால் நாங்கள் வெளியே நிற்போம். அது ஒரே ஒரு சொடுக்கு. பதிப்பாளர்களே, உங்கள் புத்தகங்களைத் தயவுசெய்து இன்றைக்கே ஒரு முறை திறந்து பாருங்கள்.

வாங்கிய பிறகாவது புத்தகம் நம்முடையதா? 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் அவற்றைத் தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லாமே போயின, அங்கேயும் பணம்தான் திரும்பியது. 2023 ஜூன் 30 அன்று சீனாவில் கிண்டில் கடை மூடியது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் அந்த வருடம் ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கொடுப்பது படிக்கும் உரிமம்தான் என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று மட்டும் போடக் கூடாது என்கிறது.

காகிதம் அழியாது என்று சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. அப்பாவின் அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீரில் ஊறிவிட்டது. மொட்டை மாடியில் காயவைத்தும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அது இயற்கை செய்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கோப்பு ஒரு நிறுவனத்தின் முடிவால் போவதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. கோப்பு என் கையில் இருந்தால் ஒரு பிரதி துலூஸில், ஒரு பிரதி முத்தியால்பேட்டையில் என்று வைத்துக்கொள்வேன். புயலும் ஒன்றும் செய்யாது, கடை மூடினாலும் கவலை இல்லை.

பதிப்பாளர்களின் பயம் தெரியும். கோப்பை நகலெடுத்து வேறு கருவியில் படிக்க விடாமல் தடுக்கும் ஏற்பாட்டைத்தான் பூட்டு என்கிறார்கள். “பூட்டு இல்லாமக் கொடுத்தா மறுநாளே டெலிகிராம்ல வந்துடும்” என்று அந்த அண்ணனும் சொன்னார். அண்ணே, மின்னூலே வராத உங்கள் புத்தகமும் டெலிகிராமில் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தைப் பிரித்து ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். திருடுகிறவனைப் பூட்டு நிறுத்தவில்லை. காசு கொடுத்தவர் ரீடரை மாற்றினால், நாடு மாறினால், அவரைத்தான் நிறுத்துகிறது. பிரான்சில் பல பதிப்பகங்கள் பூட்டுக்குப் பதிலாகக் கோப்புக்குள் வாங்கியவரின் அடையாளத்தைப் பதித்து விற்கின்றன. தன் பெயர் இருக்கும் கோப்பை யாரும் சட்டென்று ஊருக்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள். அமேசானிலேயேகூட நூலை ஏற்றும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று பதிப்பாளரைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொன்ன நூல்களை, வாங்கியவர்கள் ஈபப்பாகவே இறக்கிக்கொள்ள 2026 ஜனவரியிலிருந்து வழி செய்திருக்கிறார்கள்.

அரசும் தன் பங்குக்கு இடைஞ்சல் செய்கிறது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 2018 ஜூலையிலிருந்து 5 சதவீதம். மின்னூலாக மட்டுமே வந்தால் 18 சதவீதம். அச்சடிக்கப் பணமில்லாமல் மின்னூலாக மட்டும் கொண்டுவருகிற புது எழுத்தாளருக்குத்தான் அதிக வரி. பிரான்சில் இரண்டுக்கும் ஒரே 5.5 சதவீதம். இந்தியாவிலும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் நியாயம்.

பழைய இலக்கியத்துக்கு எங்களுக்குக் குறை இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, அதை வழிநடத்திய கல்யாணசுந்தரம் இருந்ததும் சுவிட்சர்லாந்தில்தான். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆசிரியர்களே அனுமதி கொடுத்த நூல்கள் ஈபப்பாகக் கிடைக்கின்றன. கடலூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார், அவர் எழுத்து நாட்டுடைமை. யாரும் எடுத்துப் படிக்கலாம். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் மறைந்தது 2015இல், அவருக்குக் காப்புரிமை 2075 வரை ஓடும். அவரையும், இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களையும் நேர்மையாகப் படிக்க வேண்டும் என்றால் விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும், அல்லது நூலகத்தில் எடுக்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தமிழ் மின்னூல்களை இரவல் கொடுக்கிறது. 1827இல் தொடங்கிய நம் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகமும் அப்படிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! உறுப்பினர் கட்டணம் கட்ட நாங்கள் இருக்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அச்சுப் புத்தகம் வரும் அன்றே மின்னூலையும் கொண்டுவாருங்கள். எல்லா நாட்டுக்கும் திறந்து விடுங்கள். உங்கள் தளத்திலேயே ஈபப்பாக விற்றுவிடுங்கள், வெளிநாட்டு அட்டையை ஏற்கும் வசதியோடு. விலையை அச்சுப் புத்தகத்துக்குச் சமமாகவே வையுங்கள், விமானத்தில் கிலோ கணக்குப் பார்ப்பதை விட அது எனக்கு லாபம்தான்.

மெய்ப்புத் திருத்த ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால், அதற்கு வழி இருக்கிறது. அந்த அண்ணனின் கவிதைத் தொகுப்பு ஒன்றை இப்போது நானும் லியோனில் இருக்கும் தோழி ஒருத்தியும் ஆளுக்குப் பாதியாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம், கூலி வாங்காமல். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பதிப்பகம் நடத்துபவர்கள் பழைய பேஜ்மேக்கர் கோப்பு வைத்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்த வேலையில் கைகொடுக்க விரும்புகிறவர்களும் எழுதுங்கள். திருத்தி முடித்த கோப்பைக் கிண்டில், கோபோ இரண்டிலும் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கியும் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்கிறேன்.