பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) இல்லாமலும் வீட்டுக் கடன் உண்டு

“பி.ஆர். வராமல் வெளிநாட்டில் எந்த வங்கியும் வீட்டுக் கடன் தராது” என்று சொல்லப்படுவது சரியல்ல. இதை நம்பி வீட்டுக் கனவையே தள்ளிப்போட்டு விடாதீர்கள்.

கனடாவில் வெளிநாட்டவர் வீடு வாங்க 2023 முதல் தடை இருக்கிறது, உண்மைதான். ஆனால் வேலை பெர்மிட்டில் குறைந்தது 183 நாள் மீதமிருந்தால் ஒரு வீடு வாங்க விலக்கு உண்டு. அமெரிக்காவில் பி.ஆர். இல்லாதவர்களுக்கு 2025 மே மாதம் மூடப்பட்டது அரசு காப்புறுதி தரும் எஃப்.எச்.ஏ. கடன் மட்டுமே, சாதாரண வங்கிக் கடனுக்கு வேலை விசாவிலும் விண்ணப்பிக்கலாம். முன்பணம் கூடுதலாகக் கேட்கலாம், விசா எவ்வளவு நாள் பாக்கி என்றும் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாதான் கடினம்: 2025 ஏப்ரல் முதல் தற்காலிக விசாக்காரர்கள் பொதுவாகப் பழைய வீடு வாங்க முடியாது, புது வீட்டுக்கு அரசு அனுமதி வேண்டும்.