சிதறால் பாறைக் கிறுக்கலை நாமே தேய்த்து அழிக்கலாமா?

சமூக ஊடகத்தில் ஒருவர் சொல்லியிருப்பது இதுதான்: கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் சமண மலைக்கோயில் பாறைகளில் எழுதிவைத்த பெயர்களை இளைஞர்கள் சேர்ந்து ஆசிட்டும் கம்பி பிரஷும் வைத்து அழித்துவிடலாம், நல்ல காரியம்தானே, அனுமதி எதற்கு. நிறைய பேர் இதைப் பகிர்ந்திருக்கிறார்கள்.

நோக்கம் நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் சிதறால், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டுப் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, அப்படிப்பட்ட சின்னத்தில் எழுதிக் கெடுப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. சேதப்படுத்துவது, மாற்றுவது எல்லாமே அதில் வரும். 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பி பிரஷ் பெயிண்டோடு பாறையின் மேல்தோலையும் சேர்த்தே உரிக்கும். அங்கே சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களோடு, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. வெயில் சாய்ந்து விழும்போதுதான் அந்தக் கீறல் கண்ணுக்கே தெரியும். அதன்மேல் பிரஷ் பட்டால் போனது போனதுதான். ஆசிட்டும் அப்படித்தான், பாறையில் உள்ள இரும்புச்சத்து துருவேறி மஞ்சள் கறை விழ வாய்ப்புண்டு.

என்னை நம்ப வேண்டாம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இந்தச் சட்டத்தை எடுத்து 30-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள், சின்னப் பிரிவுதான். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியல் தொல்லியல் துறைத் தளத்திலேயே இருக்கிறது.

சரி, ஆள் சேர்ந்துவிட்டார்கள் என்றால்? கிறுக்கலைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அவர்களிடமே இதற்கென்று அறிவியல் பிரிவு இருக்கிறது. பிரஷுக்கு வேலை வேண்டுமென்றால் ஊர்ப் பள்ளிச் சுவரும் பேருந்து நிழற்குடையும் இருக்கின்றன, பொறுப்பானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.