தரையைப் பார்க்க வேண்டிய விளக்கு

வானம் தெளிந்திருக்கும் இரவில், எதிரே வரும் கார் நான்கு விளக்குகளையும் எரியவிட்டபடி வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. மேலே ஹெட்லைட் இரண்டு, கீழே பம்பரில் ஃபாக் லைட், அதாவது மூடுபனி விளக்கு, இரண்டு. பனியும் இல்லை, மழையும் இல்லை. கேட்டால், “விளக்கு இருக்கிறது, போட்டால் என்ன குறைந்துவிடும்?” என்கிறார்கள். குறைவது பார்வை. எதிரே வருபவருடைய பார்வை மட்டுமல்ல, போட்டவருடைய பார்வையும்தான். இதைப் பலமுறை நண்பர்களிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது விரிவாகவே எழுதிவிடுகிறேன். பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் நான் காணும் அலட்சியத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். துளி ஒன்றின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதன்மேல் படும் வெளிச்சம் எல்லாத் திசைகளிலும் சிதறி, ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பனியில் ஹை பீம் (ஹெட்லைட்டின் தொலைவு வெளிச்சம்) போட்டதும் கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழும்பி நிற்பது இதனால்தான். கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் கூடுதலாகத் திரும்பி வரும், அவ்வளவே.

ஃபாக் லைட் இந்தச் சிக்கலை வலிமையால் தீர்ப்பதில்லை, இடத்தாலும் வடிவத்தாலும் தீர்க்கிறது. அதைத் தாழ்வாகப் பொருத்துகிறார்கள். ஐ.நா. வாகன விதிமுறை 48, கார்களின் முன்பக்க ஃபாக் லைட் தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 80 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஒளிக்கற்றை அகலமானது, தட்டையானது. அதன் மேல்விளிம்பு கத்தரித்தாற்போல் நின்றுவிடும். ஓட்டுநரின் பார்வைக் கோட்டில் இருக்கும் துளிகளைத் தொடாமல், அதற்குக் கீழே சாலையின் மேற்பரப்பையும் இரு ஓரங்களையும் காட்டுவதே அதன் வேலை. வண்டிக்கு முன்னால் சில பத்து மீட்டருக்குள் சாலைக் கோடும் ஓரக் கல்லும் தெரிந்தால், அது தன் கடமையைச் செய்துவிட்டது. தொலைவைக் காட்டுவதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை.

மஞ்சள் விளக்குதான் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான சிதறல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில் நடப்பது. பனித்துளியோ அலைநீளத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. அந்த அளவில் எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். நீலம் கலந்த வெள்ளை ஒளியில் கண் கூசுவதால் மஞ்சள் சிலருக்கு இதமாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் உயரமும் கோணமும் சரியில்லாத மஞ்சள் விளக்கைவிட, சரியாகப் பொருத்திய வெள்ளை விளக்கு எத்தனையோ மேல்.

தெளிவான இரவுக்கு வருகிறேன். ஃபாக் லைட் போட்டதும் வண்டிக்கு நேர் முன்னால் தரை பளிச்சென்று தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது என்ற நிறைவும் உடனே வருகிறது. அதுதான் ஆபத்து. அருகில் வெளிச்சம் மிகுந்தால் கண்ணின் பாவை அதற்கேற்பச் சுருங்குகிறது. தொலைவில், மங்கலில் நடந்துவரும் மனிதர் அதனால் இன்னும் மங்கலாகிவிடுகிறார். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் தரை பளபளப்பதால் அந்த வேகத்தில் ஒரு பயனும் இல்லை. மழையில் நனைந்த தார்ச்சாலையில் நிலைமை இன்னும் மோசம்: தாழ்வாக வரும் ஒளி நீர்ப்பரப்பில் பட்டு எதிரே வருபவரின் கண்ணில் தெறிக்கிறது.

எப்போது போடலாம்? பிரிட்டனின் சாலை விதி, பார்வை 100 மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும்போது என்கிறது. எந்த நாட்டில் ஓட்டினாலும் இது நல்ல அளவுகோல். பனி, அடைமழை, பனிப்பொழிவு, புழுதிப் புயல், எதுவானாலும் சரி. லோ பீமோடு (ஹெட்லைட்டின் தாழ்ந்த வெளிச்சத்தோடு) சேர்த்துப் போடுங்கள். ஹை பீமோடு வேண்டவே வேண்டாம். பார்வை திரும்பியதும் அணைத்துவிடுங்கள்.

பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட்டுக்கு இன்னும் கடுமையான ஒழுங்கு தேவை. சாதாரண டெயில் லைட் பல்பு 5 வாட். பின்பக்க ஃபாக் லைட் பல்பு 21 வாட், அதாவது பிரேக் லைட்டுக்கு நிகரானது. தெளிந்த வானிலையில் அது எரிந்தால் பின்னால் வருபவருக்கு நம் பிரேக் லைட் எரிவதே தனியாகத் தெரியாமல் போகும். ஜெர்மனியில் மூடுபனியால் பார்வை 50 மீட்டருக்கும் குறைந்தால்தான் அதைப் போட அனுமதி. அந்த நிலையில் வேகமும் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்ன அந்தச் சட்டத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். பனியில் பின்னால் ஒரு வண்டி நெருங்கி வந்து நம்மைத் தொடர ஆரம்பித்துவிட்டால், அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று பொருள். அப்போது அணைத்துவிடுவதே மரியாதை.

இனி ஒயரிங். வண்டி ஃபாக் லைட் இல்லாமல் வந்து, பிறகு பொருத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு, அதற்கான மின்சாரத்தைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்தோ ஹெட்லைட் ஒயரிலிருந்தோ நேரடியாகக் கிள்ளி எடுப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 வாட் பல்பு இரண்டு, மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கும் மேல். பார்க்கிங் லைட்டின் மெல்லிய ஒயர் இந்தச் சுமைக்கு ஏற்பட்டதே அல்ல. ஒயர் சுடும், உறை இளகும், சுற்றியிருக்கும் டேப் உருகும். எரியும் வாசம் வரும்போது சாலையோரத்தில் நின்றுகொண்டிருப்போம்.

ரிலே இல்லாமல் ஃபாக் லைட் பொருத்தாதீர்கள். சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. நான்கு கால் ரிலேயில் 30 என்ற காலுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேர் மின்சாரம். 87 விளக்குகளுக்குப் போகும். 85, 86 இரண்டும் உள்ளிருக்கும் காயிலின் (கம்பிச்சுருளின்) முனைகள். ஒன்று எர்த்துக்கு (பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த வண்டியின் உடம்புக்கு), மற்றொன்று டேஷ்போர்டு ஸ்விட்ச்சுக்கு. காயில் இழுக்கும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் சிறு பகுதிதான் என்பதால் ஸ்விட்ச்சும் அதன் ஒயரும் சூடாவதில்லை. அந்த ஸ்விட்ச்சுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பார்க்கிங் லைட் வரிசையிலிருந்து எடுத்தால், வண்டியின் மற்ற விளக்குகளை அணைக்கும்போது ஃபாக் லைட்டும் அணையும். மறந்து எரியவிட்டு, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும் தொல்லை இல்லை.

ஃப்யூஸ் 15 ஆம்பியர் போதும். அது பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது விளக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. பேட்டரியிலிருந்து ஒரு மீட்டர் ஒயரை இழுத்துக்கொண்டு போய் அங்கே ஃப்யூஸ் வைத்தால், அந்த ஒரு மீட்டருக்குக் காவலே இல்லை. அது எங்காவது உரசி உடம்புத் தகட்டைத் தொட்டால் பேட்டரியின் முழு பலமும் அங்கே பாயும்.

ஒயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். பொதுவான பாதைக்கு 2.5 சதுர மி.மீ., ஒவ்வொரு விளக்குக்கும் பிரியும் பாதைக்கு 1.5. அதற்குப் பதிலாக 0.75 சதுர மி.மீ. ஒயரில் 9 ஆம்பியரை 4 மீட்டர் ஓட்டினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் மிக வேகமாகக் குறையும், இந்த 0.9 வோல்ட்டுக்கு வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மங்கலாக இருக்கிறது என்று சொல்லி 100 வாட் பல்பு வாங்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கூடுதல் ஆம்பியர், கூடுதல் இழப்பு, கூடுதல் சூடு.

புதிய வண்டிகளில் இன்னொரு எச்சரிக்கை. பலவற்றில் ஸ்விட்ச் நேரடியாக விளக்கை இயக்குவதில்லை. அது ஒரு கட்டுப்பாட்டுக் கணினிக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. விளக்குக்கு மின்சாரம் விடுவது அந்தக் கணினி. அங்கே இஷ்டத்துக்கு ஒயரைக் கிள்ளினால், கெட்டுப்போவது பல்பைவிடப் பல மடங்கு விலையுள்ள பெட்டி. ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டால் மின்னி மின்னி எரிவதும், பல்பு பழுது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வருவதும் இதனால்தான்: எதிர்பார்த்த மின்சாரம் ஓடாததால் கணினி குழம்புகிறது.

அந்த எல்.இ.டி. மாற்றத்தை எதிர்க்க எனக்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஃபாக் லைட்டின் உள்ளிருக்கும் பிரதிபலிப்பான், ஹாலஜன் இழையின் இடத்தையும் வடிவத்தையும் வைத்து வார்க்கப்பட்டது. எல்.இ.டி. பல்பில் ஒளி வருவது பட்டையான இரு பக்கங்களிலிருந்து. கத்தரித்தாற்போல் நிற்க வேண்டிய மேல்விளிம்பு குலைந்து, ஒளி மேலே கசிகிறது. பனியில் மேலே கசியும் ஒளிக்கு என்ன ஆகும் என்று ஏற்கெனவே சொன்னேன். எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த முழு விளக்கை வாங்குங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை. பல்பை மட்டும் மாற்றாதீர்கள்.

பழுது பார்ப்பதில் முதலில், பழுதே அல்லாத சில விஷயங்கள். பல வண்டிகளில் பார்க்கிங் லைட்டோ லோ பீமோ எரியாமல் ஃபாக் லைட் எரியாது. சிலவற்றில் ஹை பீம் போட்டதும் தானே அணையும். திரும்பும்போது ஒரு பக்கம் மட்டும் எரிந்தால், அது வளைவைக் காட்டும் வசதியாக இருக்கலாம். கண்ணாடியின் உள்ளே லேசான ஆவி படிந்து, எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் தேங்கி நின்றால்தான் விரிசலைத் தேட வேண்டும்.

இரண்டுமே எரியவில்லை என்றால் பல்பில் கை வைக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். ஃப்யூஸ், ரிலே, ஸ்விட்ச் என்று பொதுவான பாதையைப் பாருங்கள். ஸ்விட்ச்சைப் போடும்போது ரிலே ‘டிக்’ என்கிறதா? சத்தம் இல்லையென்றால் காயில் பக்கம், அதாவது ஸ்விட்ச்சிலிருந்து வரும் ஒயரோ காயிலின் எர்த்தோ. சத்தம் வந்தும் விளக்கு எரியவில்லையென்றால் 30-க்கு மின்சாரம் வருகிறதா, 87-இல் வெளியே போகிறதா என்று பாருங்கள். ஒரே வகை ரிலே ஹார்னுக்கும் இருந்தால், அதைக் கழற்றி இங்கே செருகிப் பார்ப்பது மிக எளிய சோதனை.

ஒன்று மட்டும் எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது என்றால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். உறவுக்காரத் தம்பி ஒருவரின் காரில் இடது விளக்கு சோகையாக எரிந்தது. “பல்பு புதியதுதான் அண்ணா, மாற்றியும் அப்படியே இருக்கிறது” என்றார். என்ஜினை ஓடவிட்டு, விளக்கையும் எரியவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். கறுப்பு முனையை பேட்டரியின் எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையை விளக்குக் கப்ளரின் (ஒயரை விளக்கோடு சேர்க்கும் செருகியின்) நேர்முனையில் தொட்டால் 13.7 வோல்ட். குறை ஒன்றும் இல்லை. அதே சிவப்பு முனையை விளக்கின் எர்த் ஒயரில் வைத்தேன். சுழியத்துக்கு அருகில் காட்ட வேண்டிய இடத்தில் 2.3 வோல்ட் காட்டியது. பல்புக்கு மிஞ்சியது 11.4. வெளிச்சம் பாதிக்குச் சற்றே மேல்தான் இருந்திருக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், வளையத்துக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு. உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. தம்பி வலது விளக்கையும் இடது விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்தச் சோதனையை விளக்கு எரியும்போதுதான் செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் ஒயர்கூட 12 வோல்ட் காட்டும். சுமை ஏறினால்தான் அதன் உண்மை நிலை தெரியும். ஃபாக் லைட்டைப் போட்டதும் பக்கத்து இண்டிகேட்டர் மங்கலாக ஒளிர்வது போன்ற விசித்திரங்களுக்கும், இரண்டும் பகிரும் எர்த்தே பெரும்பாலும் காரணம்.

கப்ளர் உருகியிருந்தால் புதிய பல்பு மட்டும் போதாது. உள்ளே தளர்ந்த முனையால்தான் அது சூடாகிறது, முனையையும் மாற்றுங்கள். புதிய ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். ஃப்யூஸ் போட்டவுடன் எரிந்துபோனால், இரண்டு விளக்குகளின் கப்ளரையும் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் போனால் ஒயர் எங்கோ உடம்பைத் தொடுகிறது. பம்பரின் கூரான ஓரங்களிலும், தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்திலும் தேடுங்கள். 15 இருக்கும் இடத்தில் 30 போட்டு ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் சமதரையில், ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு 20 செ.மீ. கீழே இன்னொரு கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் பாரம் இருந்தால் இறக்கிவிட்டு அளவிடுங்கள்; பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே தூக்கிவிடும். திருகு பெரும்பாலும் விளக்கின் ஓரத்திலேயே இருக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.