பயப்பட வேண்டிய மாத்திரை எது?

பதட்டத்துக்கு மாத்திரை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. எனக்குத் தெரிந்தே சிலர், மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் மெடிக்கல் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சைடு எஃபெக்ட் பயமா இருக்கு." நானும் பதட்ட நோய்க்கு மாத்திரை எடுப்பவன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. நியாயமான பயம்தான். ஆனால் நம் கடலூர்ப் பக்கம் எந்த மாத்திரையைக் கண்டு பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, வேறொன்றைக் கண்டு பயப்படுகிறோம்.

பதட்டத்துக்கு டாக்டர்கள் கொடுப்பதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று உடனே கேட்பது: அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசிபாம். போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்கும், கை நடுக்கம் நிற்கும், தூக்கம் வரும். இன்னொன்று மெதுவாக வேலை செய்வது: எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், பராக்செடின் மாதிரி. இவற்றின் பலன் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். முதல் வகையைத் தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். பழைய அளவு போதாது. நிறுத்தினால் பதட்டம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரலாம். "அடிமையாயிடுவ" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது பொருந்துவது இந்த வகைக்குத்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை முழுவதற்குமான எச்சரிக்கையை 2020இல் இதே காரணத்துக்காகக் கடுமையாக்கியது.

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் பெரியம்மா, நான் எஸ்சிடலோபிராம் ஆரம்பித்தது தெரிந்ததும் கண் கலங்கிவிட்டார். "எப்பா, அந்த மாத்திரையெல்லாம் வேணாம்ப்பா. ஒருதடவை ஆரம்பிச்சா விடவே முடியாது." அவர் தலைமாட்டில் ஒரு பவுடர் டப்பா இருக்கும். அதற்குள் மெடிக்கலில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டுகள். வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையில் இருக்கும் பாதியோடு போய்விடும், இவர் கைக்கு வந்த துண்டில் "சோலம் 0.25" என்று மட்டும் மிச்சம். "இது தூக்க மாத்திரை, சின்னது, ஒண்ணும் பண்ணாது" என்றார். எப்போதோ ஒரு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதிக் கொடுத்தது, வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுபதைத் தாண்டியவருக்கு அந்தச் சின்ன மாத்திரையால் வரக்கூடியது என்னவென்றால், ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவது, இடுப்பெலும்பு முறிவது, மறதி, குழப்பம். அவர் என்மேல் வைத்த அக்கறைக்காகவே அவரை உட்கார வைத்துப் பேசினேன். இப்போது ஒரு டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். இதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

அல்பிரசோலமும் டயசிபாமும் மத்திய அரசு 2013இல் கொண்டுவந்த எச்1 என்ற மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் "அண்ணே, அந்தத் தூக்க மாத்திரை அஞ்சு குடுங்க" என்றால் வெட்டிக் கொடுக்கும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கும், வார இறுதியில் அங்கே போகிறவர்களுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த உடனடி வகை மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது. இரண்டுமே மூச்சை மந்தப்படுத்துபவை. தூக்கத்திலேயே மூச்சு நின்று போகும் ஆபத்து உண்டு. குடிப்பவராக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். எஸ்சிடலோபிராமையும் குளோனசெபாமையும் ஒரே மாத்திரையில் கலந்து விற்கிறார்கள். எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தது அதைத்தான். எழுதியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலப்பதற்குக் காரணம் இருக்கிறது: மெதுவான மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை மற்றது தாங்கிப் பிடிக்கும். ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு குளோனசெபாமை மட்டும் குறைக்க வேண்டும் என்றால், ஒட்டியிருக்கும் மாத்திரையில் எப்படிக் குறைப்பது? பாதியாக உடைத்தால் இரண்டுமே பாதியாகும். அதனால் நான் அடுத்த தடவை கேட்டேன்: "இதுல குளோனசெபாம் இருக்குல்ல டாக்டர், அது எத்தனை வாரத்துக்கு? தனித்தனியா எழுத முடியுமா?" எழுதிக் கொடுத்தார். கேட்டால்தான் கிடைக்கிறது.

சரி, மெதுவான வகைக்குப் பக்கவிளைவே இல்லையா? நிறைய இருக்கிறது. முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கம் கெடுவது. சிலருக்குப் பதட்டமே கொஞ்சம் கூடும். ஓடிப்போகலாம் என்று தோன்றும் நாட்கள் அவை. அதனால்தான் எஸ்சிடலோபிராமை 5 மில்லிகிராமில் ஆரம்பித்து 10க்கு ஏற்றுகிறார்கள், செர்ட்ராலினை 25இல் தொடங்கி 50க்கு. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். இவற்றில் பெரும்பாலானவை தானாக அடங்கிவிடும்.

அடங்காமல் நிற்பது ஒன்று உண்டு, அதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் வராமல் போவது அல்லது ரொம்பத் தாமதமாவது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும், அரிதான விஷயமும் இல்லை. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, காரணமே சொல்லாமல் மாத்திரையை நிறுத்தி, தலைசுற்றலும் மின்சாரம் பாய்ந்த மாதிரி அதிர்வும் எரிச்சலும் வந்து அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எனக்கும் இந்தப் பிரச்சினை வந்தது. மனைவியிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு எச்சரிக்கை, பெற்றோர்களுக்கு. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த மெதுவான வகை மருந்துகளை ஆரம்பிக்கும்போதும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அந்த வாரங்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், தினமும் பேசுங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது? "சைடு எஃபெக்ட் இல்லாத மாத்திரை குடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. எந்தப் பக்கவிளைவை என்னால் தாங்கவே முடியாது என்று சொல்லுங்கள், டாக்டருக்கு அதுதான் உதவும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவருக்குப் பகலில் தூக்கம் வரக்கூடாது. ஏற்கெனவே சர்க்கரையும் எடையும் உள்ளவருக்கு பராக்செடின் யோசிக்க வேண்டிய மருந்து, எடை கூட்டும். ரத்த அழுத்தம் இருப்பவர் அதைச் சொன்னால், இதே மாதிரி மெதுவாக வேலை செய்யும் வென்லாஃபாக்சினைக் கொடுக்கும் முன் யோசிப்பார்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் செர்ட்ராலின் பக்கம் போவார்கள். மேடை நடுக்கத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. மூட்டுவலிக்கு டிரமடால் எடுப்பவர், ஆஸ்பிரின் எடுப்பவர், எல்லாரும் அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தைராய்டு பரிசோதனையும் முதலிலேயே செய்துவிடுவது நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்புதான் வரும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளைப் படித்துப் பயந்தவர்களுக்கு ஒன்று. அதில் "மிகப் பரவலானது" என்றால் பத்தில் ஒருவருக்கு மேல், "பரவலானது" என்றால் நூற்றில் ஒருவர் முதல் பத்து பேர் வரை, "அரிதானது" என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. எல்லாமே எனக்கு வரும் என்று படிக்காமல், எந்த வரிசையில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

மாத்திரை எடுக்காமல் இருப்பதற்கும் பக்கவிளைவு உண்டு என்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று பார்த்த ஊர் இது. கார்த்திகை மாதத்தில் காற்று வேகமாக அடித்தால் நெஞ்சு படபடப்பது இங்கே இயல்பு. எனக்கு வெயில் கொளுத்தும் சித்திரையிலும் படபடத்தது. மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் நிற்க முடியவில்லை, மாரடைப்பு என்று நினைத்து நள்ளிரவில் ஈசிஜி எடுக்க ஓடினோம், மகளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போக மறுத்தேன். இதையெல்லாம் எதிரே வைத்துப் பார்த்துத்தான் இரண்டு வாரக் குமட்டலைத் தாங்குவது என்று முடிவு செய்தேன். வேறொருவர் இதே கணக்கைப் போட்டு, முதலில் மாத்திரை வேண்டாம், பேச்சு சிகிச்சை போதும் என்று முடிவு செய்தால் அதுவும் சரியான முடிவுதான். பேச்சு சிகிச்சையில் ஒரு வகையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பதட்டத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் பார்க்கலாம். யாரிடமாவது பேசினால் போதும் என்று இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். தமிழில் பொறுமையாகப் பேச்சு சிகிச்சை தருபவர்கள் கடலூரிலோ புதுச்சேரியிலோ உங்களுக்குத் தெரிந்தால் கீழே சொல்லுங்கள். சீட்டைப் பையில் வைத்திருக்கும் அந்த நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும்.