அந்த எவர்சில்வர் டம்ளரைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் எடுத்த அந்தப் படம் உங்களில் பலருக்கும் வந்து சேர்ந்திருக்கும் என்பதால், நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பந்தியில் எவர்சில்வர் டம்ளருடன் உட்கார்ந்திருப்பவள் நான்தான். அதன் கீழே "அக்கா பிச்சைப் பாத்திரத்தோடு வந்துவிட்டார்" என்று குடும்பக் குழுவில் எழுதிய தம்பியின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட, அதற்குச் சிரித்தவர்களில் என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதுதான் மூன்று நாட்களாக மனத்தை அறுக்கிறது.

அன்று நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. பரிமாற வந்த பையனிடம் காகிதக் கப் வேண்டாம் என்று சொல்லி, என் பையிலிருந்த டம்ளரை நீட்டினேன், அவ்வளவுதான். "காகிதம்தானே, மக்கிவிடுமே" என்று பக்கத்தில் இருந்த சித்தி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அந்தக் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது; அது இல்லாவிட்டால் சூடான காபியை ஊற்றிய சிறிது நேரத்திலேயே காகிதம் ஊறிப்போய்விடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் இந்தப் பூச்சுக் கப்பும் ஒன்று. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. தாம்பூலத்துக்குக் கொடுத்த மஞ்சள் பையை வீட்டுக்கு வந்து கிழித்துப் பார்த்தேன். அதில் ஒரு நூல்கூட இல்லை, பஞ்சைப் போலப் பிரிந்து வந்தது. துணிபோல் தோன்றும் அந்த 'நான்-ஓவன்' (நெய்யாத) பையும் பிளாஸ்டிக்தான், அதுவும் 2019இல் தடை செய்யப்பட்டதுதான். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கிய இயக்கம் துணிப்பைக்காகத்தானே தவிர, மஞ்சள் நிறத்துக்காக இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் எறிவது எதுவும் காணாமல் போவதில்லை. நம் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போகிறது. வேளச்சேரியில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து எரிந்த நாட்களில், சன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாம் எப்போதோ எறிந்தது புகையாக நம் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்த நாட்கள் அவை. அந்தக் கிடங்கு இருப்பதும் வெற்று நிலத்தில் இல்லை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்.

"உன் ஒரு டம்ளரால் கடல் சுத்தமாகிவிடுமா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். ஆகாது. ஆகும் என்று நான் எங்கே சொன்னேன்? பெரிய நிறுவனங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் வைத்தவர்களில் ஒருவராவது ஒரு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால், அந்த வாதத்தை இன்னும் மதித்திருப்பேன்.

கழுவுவதற்குத் தண்ணீர் செலவாகாதா என்று கேட்ட மருமகளின் கேள்வி நியாயமானது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த நாட்களில் நானும் வீட்டில் இலையில்தான் சாப்பிட்டேன். ஆயினும் ஒரு டம்ளரை அலச ஒரு கை தண்ணீர் போதும். அதே பந்தியில் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.

"வேலைக்குப் போகிறவர்களால் இதெல்லாம் முடியுமா?" என்கிறார்கள். நானும் காலையில் பறக்கும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள்தான். இறைச்சிக் கடைக்கு டப்பா, மாவுக் கடைக்குத் தூக்கு, கைப்பையில் மடித்து வைத்த ஒரு துணிப்பை என்று பழகுவதற்கு ஓர் ஆண்டு ஆயிற்று. பால்கனியில் மண்பானையில் காய்கறிக் கழிவைப் போட்டு முதல் மாதம் புழு வைத்து நாறியது, கீழ்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மேலே தேங்காய் நார்த்தூளைத் தூவ வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது வாசம் இல்லை. என் வீட்டிலிருந்து நாள்தோறும் போய்க்கொண்டிருந்த கறுப்புக் கவர் நின்றுவிட்டது.

அந்தக் கறுப்புக் கவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா, ஒரு நாள் எங்கள் அடுக்ககத்துக் கவர் ஒன்றின் முடிச்சை அவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஊசிப்போன சாம்பார் சாதம், அதற்குள் சுற்றாமல் போட்ட சானிட்டரி நாப்கின், அதற்கும் அடியில் உடைந்த கண்ணாடி டம்ளர். விரலிலிருந்து இரத்தம் வழிந்தது. அதைச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டே, மறு கையால் பிரிப்பதைத் தொடர்ந்தார். நான் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். "கண்ணாடின்னா பேப்பர்ல சுத்தி தனியா குடுங்கம்மா, கவருக்குள்ள போட்டா எங்களுக்குத் தெரியாது" என்றார். குரலில் கோபம் இல்லை. ஈரம், உலர்ந்தது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், நாப்கினைச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. படித்தவர்கள் நிறைந்த நம் கட்டடத்தில் அதைச் செய்யாமல், அந்தப் பெண்ணின் விரல்களைக் கொண்டு நம் குப்பையைப் பிரிக்க வைத்திருக்கிறோம்.

அன்று கவருக்குள் உடைந்து கிடந்த அந்தக் கண்ணாடி டம்ளர் என் வீட்டுடையதாக இருந்திருக்கலாம். அதற்கு முந்தின நாள் என் வீட்டில் ஒன்று உடைந்தது, அதைக் காகிதத்தில் சுற்றினேனா என்பது எனக்கு நினைவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் பையும் டப்பாவும் சுமந்துகொண்டு திரிவதற்கு உண்மையான காரணம் அதுதான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சிரித்தவர்களுக்காக இப்போது சொல்கிறேன்.

வரும் வியாழக்கிழமை வளைகாப்புக்கும் டம்ளருடன்தான் வருவேன். வாடகைப் பாத்திரக் கடையில் நூறு எவர்சில்வர் டம்ளருக்குச் சொல்லிவைக்கலாமா என்று அத்தையிடம் நேற்று இரவு கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. வாடகையையும் கழுவுவதற்கு ஆகும் கூலியையும் நானே கொடுத்துவிடுகிறேன், அத்தை.