போன் அடித்தால் உங்கள் கேம் என்ன செய்யும்?

காஷுவல் கேம் செய்ய வருகிறவர்களிடம் பேசினால் பேச்சு நேராக எஞ்சினுக்கு, அதாவது கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருளுக்கு, போய்விடுகிறது. யூனிட்டியா, கொடோவா? குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு கட்டணம் என்று 2023 செப்டம்பரில் யூனிட்டி அறிவித்து, 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்ட பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. அடுத்தது தீம், அனிமேஷன், எத்தனை லெவல். ஆடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். “அதுவா பாஸ் ஆகிடும்ல?” என்பார்கள்.

எஞ்சின் லூப்பை (ஆட்டத்தை விநாடிக்குப் பலமுறை நகர்த்தி வரையும் சுற்றை) நிறுத்தும், அவ்வளவுதான். ஆட்டத்தைச் சேமிப்பது, பாட்டை அடக்குவது, திரும்பி வருகிறவருக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பது எல்லாம் நம் தலையில்.

கன்சோலில் ஆடுகிறவர் அதற்கென்று நேரம் ஒதுக்கி உட்காருகிறார். மூன்று பழங்களை வரிசையாக்கும் மொபைல் கேமை ஆடுகிறவர் வேறு எதற்கோ காத்திருக்கிறார். காத்திருந்தது வந்ததும் போன் பைக்குள் போய்விடும். இவர்களுக்காகக் கேம் எழுதுகிறோம் என்றால், குறுக்கீட்டை ‘எப்போதாவது வரும் தொல்லை’ என்று கடைசி வாரத்துக்குத் தள்ள முடியாது. சேமிப்பு, மெமரி, கேமின் அளவு, விளம்பரம், ஸ்டோரில் கிடைக்கும் இடம் எல்லாமே அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

சேமிப்பிலிருந்து தொடங்குவோம். ஆண்ட்ராய்டில் கேம் பின்னணிக்குப் போகும்போது சிஸ்டத்திடமிருந்து ஆன்பாஸ், அதன்பின் ஆன்ஸ்டாப் என்ற அறிவிப்புகள் நம் கோடுக்கு வரும். கடைசியாக மூடுவதைச் சொல்லும் ஆன்டெஸ்ட்ராய் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மெமரி போதாவிட்டால் சிஸ்டம் உங்கள் பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் கேமை) சத்தமில்லாமல் கொன்றுவிடும். யூனிட்டியில் கேமை மூடும்போது அழைக்கப்படும் ஆன்அப்ளிகேஷன்குவிட்டில் சேமிப்பை எழுதிவைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எடிட்டரில் அது ஒழுங்காக ஓடும், போனில் பல சமயம் அழைக்கப்படவே படாது. பின்னணிக்குப் போகும்போது அழைக்கப்படும் ஆன்அப்ளிகேஷன்பாஸில் சேமியுங்கள். அதோடு ஒவ்வொரு நகர்வு முடிந்ததும் சேமியுங்கள். புதிர் கேமின் பலகை நிலை சில கிலோபைட்தான், அதை எழுத ஆகும் நேரம் யார் கண்ணுக்கும் தெரியாது.

எழுதும் முறையும் முக்கியம். சேவ் ஃபைல் மேலேயே நேரடியாக எழுதினால், பாதி எழுதும்போது பிராசஸ் செத்தால் அரை ஃபைல் மிஞ்சும். அடுத்த முறை திறந்ததும் ஜேசனை (சேமிப்பை எழுதிவைத்த உரை வடிவத்தை) படிக்க முடியாமல் கேம் விழும். மறுபடி திறந்தாலும் அதே இடத்தில் விழும். அந்த மனிதருக்கு அன்இன்ஸ்டாலைத் தவிர வழியில்லை, போகிற போக்கில் ஒற்றை நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போவார். தற்காலிக ஃபைலில் முழுதாக எழுதி, டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்த பிறகு பெயரை மாற்றுங்கள். முந்தைய பிரதி ஒன்றையும் வைத்திருங்கள். ஃபைலுக்குள் ஒரு பதிப்பு எண் இருக்கட்டும். அடுத்த அப்டேட்டில் புதிதாக ஒரு விவரம் சேர்க்கும்போது பழைய சேவை எப்படிப் படிப்பது என்ற தலைவலி அதனால் பாதி குறையும்.

திரும்பி வருவது தனிக் கதை. ரிஸ்யூம் ஆன முதல் பிரேமில் (திரையில் வரையப்படும் ஒரு படம்) டெல்டா டைம், அதாவது முந்தைய பிரேமிலிருந்து கடந்த நேரம், எகிறி வரலாம். அதை அப்படியே வேகத்தோடு பெருக்கினால் பந்து ஒரே தாவலில் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். மேல் வரம்பு ஒன்று வையுங்கள், 0.05 விநாடி போதும். அதைவிட முக்கியம், வந்தவுடன் ஆட்டத்தை ஓட விடாதீர்கள். பாஸ் திரையிலேயே நிற்கட்டும், தொட்டதும் 3, 2, 1 எண்ணிவிட்டுத் தொடங்கட்டும்.

டெல்டா டைமையே பயன்படுத்தாமல் ‘பிரேமுக்கு 5 பிக்சல்’ என்று நகர்த்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது விநாடிக்கு 300 பிக்சல், 120 ஹெர்ட்ஸ் திரையில் 600. ஒரே கேம் ஒரு போனில் சுலபம், இன்னொன்றில் ஆடவே முடியாது, லீடர்போர்டு குப்பை. யூனிட்டி மொபைலில் இயல்பாக விநாடிக்கு 30 பிரேமில் ஓடுவதால் இந்தப் பிழை ரொம்ப நாள் ஒளிந்திருக்கும். ‘ஸ்மூத்தாக இருக்கட்டுமே’ என்று யாராவது பிரேம் ரேட்டை ஏற்றும் நாளில் வெளியே வரும்.

இப்போது மெமரி. கேம் திணறாமல் ஓட வேண்டும் என்பதற்காக மட்டும் மெமரியைக் குறைக்கச் சொல்லவில்லை. பின்னணியில் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆப்பைக் கொன்றால் சிஸ்டத்துக்கு அதிகம் மிச்சம். 600 எம்பி பிடித்த கேம் ஒரு சின்ன அழைப்பு முடிவதற்குள் செத்துக் கிடக்கும் வாய்ப்பு, 200 எம்பி பிடித்த கேமைவிட அதிகம். செத்தால் லோகோ, லோடிங், மெனு என்று முதலிலிருந்து. இரண்டு நிமிட ஓய்வில் ஆடுகிறவருக்கு அதில் பாதி நேரம் போய்விட்டது.

மெமரியைத் தின்பது பெரும்பாலும் படங்கள். பிஎன்ஜி ஃபைல் 300 கேபிதானே என்று கணக்குப் போடக்கூடாது, அது டிஸ்க்கில் உள்ள அளவு. 2048க்கு 2048 பிக்சல் டெக்ஸ்ச்சர் (கேமில் பயன்படும் படம்) சுருக்கப்படாமல் இருந்தால் பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 16 எம்பி. அதையே ஏஎஸ்டிசி என்ற படச் சுருக்க முறையில் 6க்கு 6 பிளாக்கில் வைத்தால் சுமார் 1.8 எம்பி. பத்துப் பின்னணிப் படங்கள் இருந்தால் 160 எம்பியா 18 எம்பியா என்பது யூனிட்டியின் அமைப்புப் பலகமான இன்ஸ்பெக்டரில் ஒரு டிராப்டவுன் மெனு. பின்னணிக்கு 6க்கு 6 அல்லது 8க்கு 8, பட்டன், ஐகான் போன்ற கூர்மையான விளிம்புள்ளவற்றுக்கு 4க்கு 4 என்று பிரித்து வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ரொம்பப் பழைய போன்களில் ஏஎஸ்டிசி இருக்காது, அங்கே ஈடிசி2 என்ற பழைய சுருக்க முறை.

ஒலியிலும் இதே கதைதான். மூன்று நிமிட ஸ்டீரியோ பாட்டை மெமரியில் முழுதாக விரித்து வைத்தால் 30 எம்பி போச்சு. பின்னணி இசையை ஸ்ட்ரீமிங்கில் (ஃபைலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும் முறை) போடுங்கள், சின்னச் சத்தங்களை மோனோவாக்கி மெமரியில் வையுங்கள். போன் ஸ்பீக்கரில் நாணயம் விழும் சத்தத்துக்கு ஸ்டீரியோ எதற்கு? இன்னொன்று, விளையாடுகிறவர் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டுக்கொண்டே கேமைத் திறந்தால் அந்தப் பாட்டை நிறுத்துவது அநாகரிகம். கேமின் இசை ஒதுங்கிப் போகட்டும்.

டவுன்லோடு அளவு: ஏபிகே (ஆண்ட்ராய்டு இன்ஸ்டால் ஃபைல்) 6 எம்பி கூடும்போது இன்ஸ்டால் விகிதம் 1 சதவீதம் குறைகிறது என்று கூகுளே 2017இல் சொன்னது. வீங்க வைக்கும் குற்றவாளிகள் எப்போதும் ஒரே ஆட்கள்தான். யூனிட்டியின் ரிசோர்சஸ் ஃபோல்டரில் போட்டது எல்லாம், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பில்டுக்குள் (வெளியிடும் கேம் ஃபைலுக்குள்) ஏறிவிடும். சுருக்காத வேவ் ஃபைல்கள். எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே பெரிய எழுத்துரு. பில்ட் ரிப்போர்ட்டை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் முதல் பத்து வரிகளில் பிடித்துவிடலாம்.

எழுத்துரு என்றதும் தமிழில் கேம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோ எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைகிறது. ‘கை’ என்பதில் க முதலில், ஐகாரக் குறி அதற்குப் பின்னால். கொம்பை முன்னால் கொண்டுவரும் வேலையை அது செய்யாது, கொக்கு, கோழி எல்லாம் கொம்பு இடம் மாறித் திரையில் வரும். ஒன்று, வரிசையை மாற்றித் தரும் பிளக்இன் போட வேண்டும், அல்லது மாறாத சொற்களைப் படமாக வைக்க வேண்டும். கொடோ 4இல், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் இந்தப் பஞ்சாயத்து இல்லை. எஞ்சின் சண்டையில் யாரும் எடுத்துச் சொல்லாத நியாயமான வாதம் இதுதான்.

விளம்பரத்துக்கு வருவோம். காசு வரும் இடமும் இதுதான், ஆளை விரட்டும் இடமும் இதுதான். லெவல் தொடங்கும் நொடியில் எதிர்பாராமல் முழுத்திரை விளம்பரம் காட்டுவதை பிளே ஸ்டோர் விதி தடுக்கிறது. 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாத இன்டர்ஸ்டிஷியலும் (ஆட்டத்துக்கு இடையில் வரும் முழுத்திரை விளம்பரம்) கூடாது. பரிசுக்காக விளையாடுகிறவர் தானே விரும்பிப் பார்க்கும் ரிவார்டட் விளம்பரத்துக்கு இந்த 15 விநாடிக் கணக்கு கிடையாது. விதியை விடுங்கள், முதல் முறை திறக்கும்போது இன்டர்ஸ்டிஷியலே வேண்டாம் என்பது என் கட்சி. அழைப்பு முடிந்து கேமுக்குத் திரும்பியவர் முகத்தில் ஆப் ஓபன் (ஆப்புக்குள் வந்ததும் காட்டும்) விளம்பரத்தை அறைவது அதைவிட மோசம்.

ரிவார்டட் விளம்பரத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை ஒன்று உண்டு. வீடியோ விளம்பரம் மெமரி தின்னும். அதைத் தட்டினால் ஸ்டோரோ பிரவுசரோ திறக்கும். அந்த நேரத்தில் சின்ன போனில் உங்கள் பிராசஸ் சாகலாம். 30 விநாடி பொறுமையாகப் பார்த்தவருக்கு உயிரும் கிடைக்கவில்லை, நின்ற லெவலும் இல்லை. விளம்பரத்தைக் காட்டுவதற்கு முன்பே முழு நிலையையும் ‘எதற்காகப் பார்க்கிறார்’ என்பதையும் சேமித்துவிடுங்கள். பரிசு கால்பேக் (பரிசு கொடுக்கலாம் என்று விளம்பர மென்பொருள் அனுப்பும் தகவல்) வந்த கணமே பரிசை எழுதிச் சேமியுங்கள், மூடும் கால்பேக்குக்காகக் காத்திருக்காதீர்கள். மீடியேஷன் போட்டால் பல விளம்பர நெட்வொர்க் சேரும், இரண்டு கால்பேக்கில் எது முதலில் வரும் என்று நம்பி எழுதக்கூடாது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாபின் யூனிட்டி பிளக்இன்னில் இந்தக் கால்பேக்குகள் திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில்தான் வரும் என்பதும் இல்லை, வேறு த்ரெட்டிலிருந்து யூஐயை (திரையில் தெரியும் பட்டன், எழுத்து) தொட்டால் விழும். சோதிக்கும்போது டெஸ்ட் விளம்பர ஐடி மட்டும். சொந்த விளம்பரத்தைத் தானே தட்டினால் கணக்குக்கே ஆபத்து.

விளம்பரம், அனலிடிக்ஸ், கிராஷ் ரிப்போர்ட் என்று நாலைந்து எஸ்டிகே (பிறர் எழுதித் தரும் கோடு) சேர்ந்துவிடும், எல்லாம் கேம் திறந்ததும் முதல் ஆளாக ஓடப் பார்க்கும். மெயின் த்ரெட் மாட்டிக்கொண்டு, தொட்டதற்கு 5 விநாடி பதில் இல்லையென்றால் ஏஎன்ஆர், அதாவது ‘ஆப் பதில் தரவில்லை’ என்ற நிலை. கிராஷ் ரிப்போர்ட்டைத் தவிர மற்றதை எல்லாம் முதல் திரை வந்து, ஒப்புதல் கேட்டு முடித்த பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கினால் போதும்.

ஸ்டோர் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறது. விளையாடுகிறவர் கண்ணில் படும் கிராஷ் 1.09 சதவீதத்தையோ, ஏஎன்ஆர் 0.47 சதவீதத்தையோ தாண்டினால் பிளே ஸ்டோரில் கேம் கண்ணில் படுவது குறையும். குறிப்பிட்ட ஒரு போன் மாடலில் மட்டும் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டோர் பக்கத்திலேயே எச்சரிக்கை தெரியலாம். ஆப்டிமைசேஷனை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறவர்கள் விளம்பரச் செலவுக்கு எடுத்து வைத்ததை இந்த ஓட்டையில்தான் ஊற்றுகிறார்கள்.

வெளியிடும் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளே கணக்குக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் பிளே கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டில் (அழைத்தவர்கள் மட்டும் ஆடிப் பார்க்கும் சோதனையில்) இருந்தாக வேண்டும் (முதலில் 20 பேர் கேட்டார்கள்). கேம் முடிந்த பிறகு ஆள் தேடாதீர்கள், முதல் பத்து லெவல் ஓடும்போதே தொடங்குங்கள். புதிய ஆப்புகளுக்கு 2021 ஆகஸ்ட் முதல் ஏற்ற வேண்டியது ஏபிகே அல்ல, ஏஏபி ஃபார்மட்தான். ஏற்றும் ஃபைலில் கையெழுத்திடும் அப்லோடு கீயைத் தொலைத்தால் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நாள் பிடிக்கும், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். டேட்டா சேஃப்டி படிவத்தில் ‘நாங்கள் எதையும் சேகரிப்பதில்லை’ என்று டிக் போடுவது பரவலான தவறு. நீங்கள் எடுக்காவிட்டாலும் விளம்பர எஸ்டிகே போனின் விளம்பர ஐடியை எடுக்கிறது, அது உங்கள் கணக்கில்தான் சேரும். பெயருக்கு 30 எழுத்து, குறு விளக்கத்துக்கு 80.

வெளியிடும் நாளில் 100 சதவீதத்துக்கு விடாதீர்கள். அப்டேட் என்றால் முதலில் 5 சதவீதம், இரண்டு நாள் வைட்டல்ஸ் (பிளே காட்டும் கிராஷ், ஏஎன்ஆர் கணக்கு) பார்த்து 20, பிறகு மீதி. கெட்ட பில்டை நிறுத்தலாம், ஆனால் அதை ஏற்கெனவே வாங்கியவர்களின் போனில் பழைய பதிப்பைத் திரும்ப வைக்க முடியாது. வெர்ஷன் கோடை (பில்டின் பதிப்பு எண்ணை) ஏற்றி, திருத்திய பில்டைத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை வரிசை. 2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள போனை எடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே (டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்) என்ற அமைப்பைப் போடுங்கள். லெவல் நடுவில் ஹோம் பட்டன், கேமரா திறந்து நாலு படம், திரும்பக் கேம். ரிவார்டட் விளம்பரம் ஓடும்போது இன்னொரு போனிலிருந்து அழைப்பு. சேமிக்கும் நொடியில் ரீசன்ட்ஸிலிருந்து (அண்மையில் திறந்த ஆப்புகளின் பட்டியல்) தள்ளிவிடுதல். திரை விளிம்பில் ஸ்வைப் செய்து, பேக் சைகை ஆட்டத்தைக் கெடுக்கிறதா என்று பார்த்தல். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியில், ஆப்பைக் கொல்லும் ஏஎம் கில் கொடுத்தும் பாருங்கள், ஆப் பின்னணியில் இருந்தால்தான் அது வேலை செய்யும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

கடைசியாக, மாதம் ஒரு கேம் என்று டெம்ப்ளேட்டை மாற்றி மாற்றி ஏற்றுகிறவர்களுக்கு. ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. டார்கெட் ஏபிஐ விதி, அதாவது கேம் குறிவைக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு, ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது. பின்தங்கிய கேம் புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களின் தேடலில் வராமலே போகும். 2025 நவம்பரிலிருந்து, ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்கு மேலோ டார்கெட் செய்யும் புதிய ஆப்புகளும் அப்டேட்களும் 16 கேபி மெமரி பேஜுக்கும் (சிஸ்டம் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் துண்டு) ஒத்துவர வேண்டும். பழைய நேட்டிவ் (போனின் சிப்பில் நேரடியாக ஓடும்) பிளக்இன் ஒன்று உள்ளே இருந்து, அதை எழுதியவர் கைவிட்டிருந்தால், அதைப் பிடுங்கி வேறு வைக்க வேண்டும். எஞ்சினை ஏற்ற வேண்டும், எஸ்டிகேக்களை ஏற்ற வேண்டும், மேலே சொன்ன அரை மணிச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு கேமுக்கு வருடத்தில் ஒரு வாரமாவது இதற்கே போகும். உங்களிடம் பன்னிரண்டு கேம் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.